மயக்க மருந்துக்கு அப்புறம் வரும் வாந்தி: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பைக் கல் ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பிதான் (சின்னத் துளைகள் வழியாகச் செய்வது), ஆனால் முழு மயக்கம் கொடுப்பார்களாம். ஆபரேஷனை நினைத்துப் பயமில்லை. போன முறை கர்ப்பப்பை எடுத்தபோது, நினைவு திரும்பியதிலிருந்து மறுநாள் காலை வரை ஓயாத வாந்தி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பட்ட பாடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது (பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழம் கேட்கிற ஆள் வேறு). இதை மயக்க டாக்டரிடம் சொன்னோம். வாந்தி வராமல் இருக்க, மயக்கம் கொடுத்ததும் டெக்ஸாமெத்தசோன், முடிகிற நேரத்தில் ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம், இரண்டையும் ஊசியாகப் போடலாம் என்றார். சரி, ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, டெக்ஸாமெத்தசோனோ ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றிவிடும். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள யாருக்காவது இதைப் போட்டார்களா? எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது? டாக்டரிடம் வேறு என்ன கேட்டுவைக்கலாம்?