நிதியாண்டு வார எண்: பாஷ் ஸ்கிரிப்ட் 08-இல் நிற்கிறது, உதவி தேவை

கேள்வி:
ஒரு மொத்த ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவுக்காக எழுதிய பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் நிரல்) இது. உபுண்டு சர்வரில் திங்கள்தோறும் விடிகாலை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும். நிதியாண்டின் எத்தனையாவது வாரமோ அந்த எண்ணில் ஃபோல்டர் போட்டு, பில் பேக்கப்பை அதில் வைக்கும்.

டேட் கட்டளையில் சதவீதக் குறியோடு பெரிய எழுத்து ‘வி’ கொடுத்து ஐஎஸ்ஓ வார எண்ணை (திங்களில் தொடங்கும் வாரங்களை ஆண்டுதோறும் 01 முதல் எண்ணும் சர்வதேச முறை) எடுத்து, 13-ஐக் கழிக்கிறேன். 2025 ஏப்ரல் 1 வந்தது 14-ஆம் வாரத்தில், ஆகவே அது 1. டிசம்பர் 29 அடுத்த ஆண்டின் 01-ஆம் வாரம் என்பதால் அன்று -12 வந்தது. ஃபோல்டர் போடும் எம்கேடிர் கட்டளை அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு ‘இன்வேலிட் ஆப்ஷன்’ என்றது. விடை மைனஸ் ஆனால் 52 கூட்டு என்று ஒரு வரி சேர்த்ததும் ஓடியது. இன்று, பிப்ரவரி 16, மறுபடி நின்றுவிட்டது: ‘08: வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்’. போன வாரம் வரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?

பதில் 1:
எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் கணக்குப் போடும்போது அதை ஆக்டலாக, அதாவது எட்டடிமான எண்ணாக, எடுத்துக்கொள்ளும். ஆக்டலில் 8, 9 கிடையாது. 01 முதல் 07 வரை எப்படிப் படித்தாலும் அதே மதிப்பு, அதனால் வெளியே தெரியவில்லை. மாறிக்கு முன்னால், டாலர் குறியையும் விடாமல், 10# சேருங்கள், பத்தடிமானமாகவே படிக்கும். குனூ டேட் (லினக்ஸில் வழக்கமாக வரும் டேட் கட்டளை) என்றால் சதவீதக் குறியை அடுத்து ஒரு ஹைஃபன் போட்டாலே பூஜ்யம் வராது.

பதில் 2:
அது இன்றைக்கு ஓட வைக்கும், சரி. ஆனால் மார்ச் 30, திங்கள், என்ன வரும் பாருங்கள். அதுவும் ஐஎஸ்ஓ 14-ஆம் வாரம்தான். 13 போனால் 1. பழைய நிதியாண்டு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே ‘வாரம் 1’!

அதோடு முடியவில்லை. 2026-க்கு ஐஎஸ்ஓ கணக்கில் 53 வாரம். டிசம்பர் 28 அன்று 53-13, அதாவது 40. அடுத்த திங்கள், 2027 ஜனவரி 4, 1-13+52. அதுவும் 40. ஒரு வாரத்துப் பில் பேக்கப் மேல் இன்னொன்று எழுதப்படும், எந்த எரரும் வராது. எனக்கு 08-ஐவிட இதுதான் பயம்.

ஐஎஸ்ஓ வாரத்தை விட்டுவிட்டு ஏப்ரல் 1-இலிருந்து நேராக எண்ணுங்கள்:

நாள் = (இன்று - ஏப்ரல் 1) ÷ 86400
வாரம் = (நாள் + கிழமை - 1) ÷ 7 + 1

இன்று, ஏப்ரல் 1 இரண்டும் எபாக் வினாடியில் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடி). 86400 என்பது ஒரு நாளின் வினாடிகள். கிழமை என்பது ஏப்ரல் 1-இன் கிழமை எண். சின்ன எழுத்து ‘யு’ கொடுத்தால் திங்களுக்கு 1, ஞாயிறுக்கு 7 வரும். ஜனவரி முதல் மார்ச் வரை போன வருடத்து ஏப்ரல் 1-ஐ எடுக்க வேண்டும். அதற்கு மாத எண்ணைப் பார்க்கும்போதும் ஹைஃபன் போட்டே எடுங்கள், இல்லாவிட்டால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இதே 08, 09 தொல்லை.

கேட்டவர்:
நன்றி சார். மார்ச் 30-ஐக் கொடுத்துப் பார்த்தேன், 53 வருகிறது. வருடத்துக்கு 52 வாரம்தானே என்று ஆடிட்டர் கேட்பாரே?

பதில் 2:
365-இல் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சுகிறதே, அது எங்கே போகும்? திங்களில் தொடங்கும் வாரம் வேண்டுமென்றால் இந்த ஆண்டின் கடைசி வாரத்துக்கு மார்ச் 30, 31 இரண்டே நாள். வாரம் எந்தக் கிழமையில் தொடங்கவேண்டும் என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது அவர் முடிவு.

பதில் 3:
சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் திங்கள் காலை 5:30 ஆகும்வரை அங்கே ஞாயிறுதான், ஒரு வாரம் குறைந்துவிடும். இன்றைய தேதியை ஏஷியா/கொல்கத்தா நேர மண்டலத்தில் எடுத்து, வினாடியாக மாற்றுவதை மட்டும் இரண்டு தேதிக்கும் யூடிசியில் செய்யுங்கள்.

கேட்டவர்:
யூடிசிதான். மாற்றிவிட்டேன். டெர்மினலில் சரியாக வருகிறது. சோதித்துப் பார்க்க அதே டேட் வரியை கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியல்) நேராகப் போட்டால் மட்டும் பாதியில் வெட்டுப்படுகிறது.

பதில் 1:
கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் கிரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் போடுங்கள். இல்லையென்றால் வரியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், அங்கே இந்தப் பிரச்சினை இல்லை.