பர்மா தேக்குக்கு லை-நீல்சனா, வெரிட்டாஸா? கையில் பிடித்து இழைத்தவர்கள் அனுபவம்

தேவகோட்டையிலிருந்து:

அப்பச்சி காலத்து வீட்டில் ஒரு பக்கம் இறக்கினப்போ உத்தரம், கதவுப் பலகை எல்லாம் கொஞ்சம் மிஞ்சியிருக்கு. ஒரு ஊஞ்சல் பலகையும் ஒரு சாப்பாட்டு மேசையும் நானே செய்யலாம்னு இருக்கேன். கையில் இருக்கிற சாதா இழைப்புளி ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை மரத்தைப் பறிச்சுடுது. ஒரே ஒரு உசந்த இழைப்புளி வாங்கலாம்னு முடிவு. லை-நீல்சன் கம்பெனியோட நாலாம் நம்பரா, வெரிட்டாஸ் கம்பெனியோட லோ ஆங்கிள் ஜாக்கா? விளம்பரம் நிறையப் படிச்சாச்சு. பிடிச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, எங்கள் பட்டறையில் இரண்டும் இருக்கிறது. நாலாம் நம்பர் நாங்கள் வாங்கியது. ஜாக், கனடாவில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. எங்களுக்கு வேலை பெரும்பாலும் இடித்த வீட்டு மரத்தில்தான், அதனால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் கேட்கும் இரண்டும் ஒரே வேலைக்கான சாமான் இல்லை. நாலாம் நம்பர் 10 அங்குலத்துக்கும் குறைவு, கடைசி மெருகுக்கு உள்ளது. வெரிட்டாஸ் ஜாக் 15 அங்குலம், மட்டம் எடுக்கவும் ஆகும். ஊஞ்சல் பலகை 5, 6 அடி வரும். அதை நாலாம் நம்பரால் மட்டம் செய்யப் போனால் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, பலகை எப்படியோ அப்படியே கூடப் போகும். வழவழப்பாக இருக்கும், ஆனால் மட்டப்பலகை வைத்தால் வெளிச்சம் தெரியும்.

இனி மரத்துக்கு வருவோம். தேக்கில் சிலிக்கா இருக்கிறது. நல்லா தீட்டிய விளிம்பையும் அது சீக்கிரம் மழுக்கிவிடும். சுவருக்குள் உட்கார்ந்திருந்த உத்தரம் என்றால் சுண்ணாம்பு மணலும் சேர்ந்து வரும். ஆகவே உடம்பு எந்தக் கம்பெனி என்பதைவிடத் தகடு என்ன எஃகு என்பதுதான் பெரிய விஷயம். லை-நீல்சனில் வருவது ஏ2 என்ற எஃகு, 3 மில்லிக்கும் கொஞ்சம் கூடுதல் கனம். பழைய ஸ்டான்லி கம்பெனி இழைப்புளியின் தகடு 2 மில்லிதான் இருக்கும். வெரிட்டாஸில் ஓ1, ஏ2, பிஎம்-வி11 என்று எஃகு வகையைக் கேட்டு வாங்கலாம். எங்கள் தேக்கில் பிஎம்-வி11 தான் கூர் அதிக நேரம் நிற்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டறையில் இருக்கும் பழைய கார்போரண்டம் கல்லில் தேய்த்தால் பொழுது விடிந்துவிடும். தீட்டுவதற்கு ஒரு வைரத் தகட்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது மரம் பறிப்பது. நாலாம் நம்பரில் தகடு 45 டிகிரியில் படுத்திருக்கும், நீங்கள் எப்படித் தீட்டினாலும் வெட்டும் கோணம் மாறாது. வெரிட்டாஸ் ஜாக்கில் தகடு தலைகீழ், தீட்டிய சரிவு மேலே பார்க்கும், படுக்கை 12 டிகிரி. அதனால் தீட்டிய கோணமும் சேர்ந்துகொள்ளும்: 25-இல் தீட்டிய தகடு போட்டால் வெட்டும் கோணம் 37; 38-இல் தீட்டியது போட்டால் 50; 50-இல் தீட்டியது போட்டால் 62. மர ரேகை திரும்பும் இடத்தில் கோணம் கூடினால் பறிப்பது குறையும், உண்மைதான். ஆனால் 62-இல் ஒரு மேசைப் பலகை முழுக்கத் தள்ளிப் பாருங்கள், சாயங்காலம் தோள்பட்டை பதில் சொல்லும்.

நாலாம் நம்பரில் இதற்கு வேறு வழி. தகட்டுக்கு மேல் கேப் அயர்ன் ஒன்று இருக்கிறதல்லவா, அதை விளிம்புக்கு மிக நெருக்கமாக, அரை மில்லிக்கும் கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும். சீவல் எழும்போதே அது மடக்கிவிடும், முன்னால் ஓடிப் பிளக்க விடாது. ஜப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகத்தார் இதைப் பக்கத்திலிருந்து படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். சரிவு மேலே பார்க்கும் இழைப்புளியில் இந்தக் கேப் அயர்ன் கிடையாது. உங்கள் சாதா இழைப்புளியிலேயே இதை ஒருமுறை நெருக்கி வைத்துப் பாருங்கள், வாங்குகிற ஆசை பாதி குறைந்தாலும் குறையும்!

எங்கள் பெரிய ஆசாரிக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கணு சுற்றி ரேகை சுழித்த ஒரு உத்தரப் பலகையில் இரண்டையும் கொடுத்தோம். நாலாம் நம்பரை வாங்கி, அடியில் பெருவிரலால் தேங்காய் எண்ணெயை ஒரு இழுப்பு தடவி, திருகை கால் சுற்று திருப்பி, ஒரே தள்ளு. கணுவுக்கு மேலேயே சீவல் அறுபடாமல் சுருண்டு வந்தது. வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “எதிர்ப் பக்கமாத் தள்ளியும் பறிக்கலையேப்பா” என்றார். வெரிட்டாஸில் ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஒரே குமிழ்தான். “இதை ஆட்டினா ரெண்டு வேலை நடக்குது, எனக்குக் கை குழம்புது” என்று வைத்துவிட்டார். அவர் ஆயுசு முழுக்க ஸ்டான்லி வகையில் வேலை செய்தவர். லை-நீல்சன் அந்த ஸ்டான்லி நிறுத்திவிட்ட பெட்ராக் மாதிரியையே வைத்து அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் செய்வது, கம்பெனி தொடங்கியது 1981-இல். அதனால் கை தானாகப் பழகிக்கொண்டது. புதிதாகப் பழகும் பையன்களோ வெரிட்டாஸைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகுகள் தகட்டை நகராமல் பிடித்துக்கொள்வதால், தீட்டித் திரும்பப் போடும்போது இடம் தேட வேண்டாம்.

பலகையின் முனை வெட்டுக்கு, அதாவது ரேகைக்குக் குறுக்கே, வெரிட்டாஸை 37-இல் மிஞ்ச ஒன்றும் இல்லை. அங்கே நாலாம் நம்பர் தோற்றுப்போகும்.

என் யோசனை: மட்டம் எடுக்க எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் பழைய ஸ்டான்லி அஞ்சாம் நம்பரோ, ரெக்கார்டு கம்பெனியின் அதே நம்பரோ தேடிப் பிடியுங்கள். பணத்தை லை-நீல்சன் நாலில் போடுங்கள். ஒரே சாமான்தான், வேறு வாங்கவே மாட்டேன் என்றால் வெரிட்டாஸ் ஜாக், 25-க்கு ஒரு தகடு, 38-க்கு ஒரு தகடு. எதை வாங்கினாலும் முதல் இழுப்புக்கு அதை எடுக்காதீர்கள். கம்பி பிரஷ் போட்டு, காந்தத்தை வைத்து ஆணி பார்த்து, சாதா இழைப்புளியால் மேல்தோலை எடுத்த பிறகுதான் அது மரத்தைத் தொட வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து:

சாமான் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது தம்பி, ஆனா கதவுப் பலகைன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்காகத்தான் எழுதுறேன். சித்திர வேலை உள்ள கதவையும், மேலே கஜலட்சுமி இருக்கிற நிலையையும் தயவுசெஞ்சு இழைச்சுடாதீங்க. நூறு வருஷம் கைபட்டு ஏறின நிறம் ஒரு சீவல்ல போயிடும், திரும்ப வராது. எங்க வீட்டு முகப்புல பாலிஷ் போட வந்தவங்க ஒரு கதவை அப்படி ஆக்கிட்டாங்க. பக்கத்துக் கதவோட வச்சுப் பார்த்தா புதுசு மாதிரி வெளுத்து நிக்குது. ஆச்சி இருந்திருந்தா வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாங்க.

கோட்டையூரிலிருந்து:

என்னிடம் இருப்பது லை-நீல்சன் நாலிலேயே வெண்கல உடம்பு. இரும்பைவிடக் கனம், துருவே கிடையாது. சித்திரை, வைகாசியில் எனக்கு வியர்க்கிற வியர்வைக்கு இரும்பு உடம்பில் மறுநாளே விரல் தடம் சிவப்பாக நிற்கும், அதற்காகவே வெண்கலம் வாங்கினேன். எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிற பழக்கம் உள்ளவருக்கு இரும்பே போதும்.

விலை விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். லை-நீல்சன் நாலாம் நம்பரே 300 டாலருக்கு மேல், வெரிட்டாஸும் மலிவு இல்லை. அதற்கு மேல் கூரியர், சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கிறது. என் பார்சலை ஒரு கூரியர்காரர் பில் சரியில்லை என்று பிடித்து வைத்து, தினம் ஒரு காகிதம் கேட்டு உயிரை வாங்கினார். சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது நிம்மதி. கையோடு கொண்டுவரும் பையில் வைக்கச் சொல்லாதீர்கள், தகடு இருப்பதால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. கானாடுகாத்தான் ஆச்சி, சித்திரக் கதவைத் தொடமாட்டேன், அது அப்படியே சுவத்துல மாட்டத்தான். நான் சொன்னது பின்கட்டுல இருந்த வெறும் பலகை. காரைக்குடி அண்ணே, கேப் அயர்னை நெருக்கி வச்சுப் பார்த்தேன், நிஜமாவே பறிக்கிறது குறைஞ்சிடுச்சு, ஆனா இழைப்புளி வாய்ல, தகடு வெளிய வர்ற இடத்துல, சீவல் அடைச்சுக்குது. பழைய அஞ்சாம் நம்பர் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

காரைக்குடியிலிருந்து:

அடைப்பதற்குக் காரணம் கேப் அயர்ன் தகட்டோடு ஒட்டி உட்காராததாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், நடுவில் கோடு தெரிந்தால் கேப் அயர்னின் அடியைக் கல்லில் தேய்த்துச் சமன் பண்ணுங்கள். அப்போதும் அடைத்தால் வாய் குறுகல், தகடு சாய்ந்திருக்கும் ஃப்ராக் என்ற கட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

பழையதில் முதலில் வாய் ஓரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து உடம்பு சாதா வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் வாய் ஓரத்தில் கீறல் விடும். இப்போது லை-நீல்சனும் வெரிட்டாஸும் போடுவது டக்டைல் அயர்ன், விழுந்தாலும் சட்டென்று உடையாது. அடியைத் துடைத்து, நகத்தால் ஓட்டிப் பாருங்கள். பித்தளை வைத்து ஒட்டுப் போட்ட உடம்பு வேண்டாம். பிறகு தகட்டில் நீள வெட்டுக்கு முன்னால் எவ்வளவு எஃகு மிச்சம் என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் கீழே என்றால் அந்த விலையைக் கழித்துப் பேசுங்கள். மேலே ஏறின துரு, உடைந்த கைப்பிடி இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். கைப்பிடி தோதகத்தி (ரோஸ்வுட்) மரத்தில் நாங்களே செய்து தருகிறோம்.