பவுலிங்கில் லைன் சரி, பாக்கெட் சரி, ஆனாலும் பத்தாம் பின் நிற்கிறது: உங்கள் அனுபவம் என்ன?

பாக்கெட்17

கடைசி கேம், பத்தாவது ஃப்ரேம். அதுவரை லேன் தரையில் உள்ள இரண்டாவது அம்புக்குறி மேல்தான் என் லைன், அதாவது பந்து போகும் பாதை. நடுவில் பந்து சீக்கிரமே திரும்ப ஆரம்பித்தது. ஹெட் பின்னை (முன்னால் நிற்கும் 1ஆம் பின்னை) நேர் மூக்கில் அடித்துவிட்டு 4ஆம் பின்னை நிற்க வைத்துவிட்டுப் போனது. லேனில் பூசியிருந்த எண்ணெய் காய்ந்துவிட்டது என்று புரிந்தது. நிற்கும் காலை இரண்டு போர்டு (தரைப் பலகை) இடப்பக்கம், குறியை ஒரு போர்டு இடப்பக்கம் நகர்த்தினேன். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் ஸ்ட்ரைக், பத்துப் பின்னும் ஒரே பந்தில் விழுந்தன.

பத்தாவதில் பந்து கையை விட்டபோதே நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. குறி வைத்த போர்டு மேலேயே போனது, வளைந்தது, பாக்கெட்டில், அதாவது 1க்கும் 3க்கும் நடுவில், அடித்தது. பின்கள் எல்லாம் சரிந்தன. 6ஆம் பின் மட்டும் மெதுவாகச் சாய்ந்து, ஓரத்துப் பள்ளமான கட்டருக்குள் விழுந்து, 10ஆம் பின்னுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. 10 அசையவே இல்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "லைன்ல ஒண்ணும் இல்ல தம்பி, கால் ஓடிருச்சு" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போர்டு அதே, பாக்கெட் அதே. கால் கொஞ்சம் வேகமாக நடந்தால் ஒரு பின் தப்பித்துவிடுமா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

எண்ணெய்க்கோடு

6ஆம் பின் கட்டரில் படுத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது நண்பரே. அது 10ஆம் பின்னின் கழுத்தைச் சுற்றிப் பறந்திருந்தால் வேறு கதை. கட்டரில் சோர்ந்து விழுந்தது என்றால் பந்து பாக்கெட்டுக்குள் நுழைந்தபோது கோணமோ வலுவோ குறைந்திருந்தது என்று அர்த்தம். வலக்கைக்காரரின் நல்ல ஸ்ட்ரைக்கில் பந்து நேராகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டும்தான். மற்றதையெல்லாம் பின்களே ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கின்றன. 10ஐச் சாய்க்க வேண்டியது 6, 6ஐத் தள்ள வேண்டியது 3. ஹெட் பின்னில் பட்டதும் பந்து கொஞ்சம் விலகினால் போதும், 3 போகும் திசை மாறிவிடும்.

பாக்கெட் என்றால் வலது ஓரத்திலிருந்து 17ஆவது, 18ஆவது போர்டு என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோணத்தில் அங்கே நுழைகிறோம் என்பதை யாரும் பேசுவதில்லை. 6 டிகிரி பக்கம் இருந்தால் நல்லது. வளையாத பந்தை வலது ஓரத்திலிருந்தே போட்டாலும், 60 அடி நீளத்தில் ஒன்றரை டிகிரிதான் கிடைக்கும். அதனால்தான் ஹூக், அதாவது வளையும் பந்து.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தீர்கள், அங்கே எண்ணெய் அதிகம். பந்து கொஞ்சம் கூடுதலாகச் சறுக்கி, தாமதமாகத் திரும்பியிருக்கிறது. இது லைன் விஷயம், கால் விஷயம் இல்லை. எங்கள் அணியில் ஒருவருக்கு இதே மாதிரி 10ஆம் பின் நின்றுகொண்டே இருந்தது. குறியை அப்படியே வைத்துக்கொண்டு காலை மட்டும் ஒரு போர்டு வலப்பக்கம் கொண்டுவந்தார். அடுத்த பந்திலேயே 6ஆம் பின் 10ஐ அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இடக்கை_வீச்சு

எனக்குப் பாக்கெட் 1-2, என்னைப் படுத்தி எடுப்பது 7ஆம் பின். "இடப்பக்கம் யாரும் போடறதில்ல, எண்ணெய் அப்படியே இருக்கும், உனக்கென்ன கவலை" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த லேனில் இடக்கை நான் ஒருவன்தான். நின்ற இடம் மாறவில்லை, குறி மாறவில்லை. இரண்டாவது கேமில் பந்து பாக்கெட்டுக்கு வராமல் ஹெட் பின்னை உரசிக்கொண்டு போக ஆரம்பித்தது. எல்லோரும் லைனை மாற்றச் சொன்னார்கள். பந்து திரும்பி வந்ததும் துடைப்பதற்கு முன் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். பந்தின் மேல் எண்ணெய் ஒரு வளையமாகப் படிந்திருக்கும் இல்லையா, அந்த வளையம் வழக்கமான இடத்தில் இல்லை. கட்டைவிரல் துளையை நெருங்கி நகர்ந்திருந்தது. லேன் அதைச் செய்யாது. பந்து என் கையை விட்ட விதம் மாறியிருக்கிறது.

அதனால், எண்ணெய்க்கோடு சார், லைன்தான் காரணம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். பாக்கெட்17 அன்றைக்குப் பந்தைப் பார்த்தாரா என்று முதலில் கேட்டிருக்கலாம்.

மூன்றாம்_அம்பு

கோணம், எண்ணெய் என்று பேச்சு வந்ததால் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். எண்ணெய் 40 அடி போட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும், கூட வந்தவர் உடனே 31ஐக் கழித்து, "பந்து 9ஆவது போர்டுக்குப் போய்த் திரும்பணும்" என்றார். நானும் 9ஐயே பார்த்துப் பார்த்துப் போட்டேன். பக்கத்து லேனில் ஒரு பெண் அதைவிட நன்றாக உள்ளே, 12, 13 பக்கம் திருப்பி ஸ்ட்ரைக் மேல் ஸ்ட்ரைக் போட்டுக்கொண்டிருந்தார். கழித்தல் கணக்கு தொடங்குவதற்கு நல்லது. அதற்குப் பிறகு பந்து சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் பேசாமல் வந்துவிட்டேன், அது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாலடி

பெரியவர் சொன்னது சரி என்பதுதான் என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

எங்களோடு விளையாடும் ஒரு அக்காவுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு லைன். முதல் அம்பு, இரண்டாவது அம்பு, நடுவில் ஏதோ ஒரு போர்டு. எதுவும் நிலைக்காது. ஒருநாள் பக்கவாட்டில் நின்று அலைபேசியில் படம் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தினோம். இடது கால் ஃபவுல் லைனுக்கு (தாண்டக் கூடாத கோட்டுக்கு) முன் வந்து சறுக்கி நின்றேவிட்டது. பந்து இன்னும் பின்னால், தோள் உயரத்தில் இருக்கிறது. கால் முடிந்துவிட்டது, கை இன்னும் தொடங்கவில்லை. அக்கா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நீண்ட நேரம் பேசவே இல்லை.

அந்த நிலையில் என்ன ஆகும்? தோள் பந்தை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஒரு தடவை இடப்பக்கம் இழுக்கும், ஒரு தடவை வலப்பக்கம் நழுவும். பார்ப்பவருக்கு லைன் தப்பு மாதிரி தெரியும். நாலடி நடையில் முதல் அடியோடு பந்து முன்னால் போக வேண்டும். இரண்டாவது அடியில் பந்து காலுக்குப் பக்கத்தில் கீழே, மூன்றாவதில் பின்னால் உச்சியில், நான்காவது சறுக்கலில் பந்தும் காலும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர வேண்டும். அவருக்குப் பந்து முதல் அடியில் நெஞ்சோடு ஒட்டியே இருந்தது. அதை மட்டும் சரிசெய்தார். லைனைத் தொடவே இல்லை. முதலில் கைவிட்ட அதே இரண்டாவது அம்பில்தான் இப்போது போடுகிறார்.

பழைய_யூரித்தேன்

கால் ஓடுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு போட்டியின் கடைசி ஃப்ரேமில் எதிரணிக்காரர் கிட்டத்தட்ட ஓடியே வந்து போட்டார். பந்து திரும்ப நேரமே இல்லை, ஹெட் பின்னின் ஓரத்தைத் தடவிவிட்டுப் போனது. அந்த முகம் மறக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், அடுத்த முறை இவற்றைப் பாருங்கள். எந்தப் போர்டில் நின்று தொடங்குகிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எந்தப் போர்டில் சறுக்கி நிற்கிறோம்? போட்டு முடித்ததும் அப்படியே நின்று குனிந்து காலைப் பாருங்கள். இரண்டு மூன்று போர்டு விலகியிருந்தால் நீங்கள் நினைக்கும் லைன் உங்கள் லைனே இல்லை. பந்து தரையைத் தொடுவது காலிலிருந்து ஆறேழு போர்டு தள்ளித்தான், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். அம்புகள் ஏறக்குறைய 15 அடியில் இருக்கின்றன, பின்கள் 60 அடியில். குறி மாறாமல் பந்து இறங்கும் இடம் ஒரு போர்டு தள்ளினாலே, நேர்ப் பந்து அங்கே போய்ச் சேரும்போது எதிர்ப்பக்கம் மூன்று போர்டு ஆகிவிடும்.

டைமிங்குக்கு ஃபவுல் லைன் அருகே, சறுக்கி முடித்த நிலையிலேயே நின்றுகொண்டு, நடக்காமல் கையை மட்டும் வீசிப் போட்டுப் பழகுங்கள். கை ஊஞ்சல் மாதிரி தானாக வர வேண்டும், தள்ளக் கூடாது. கட்டைவிரல் முதலில் வெளியே வரும், மற்ற இரண்டு விரல்களும் அப்புறம். பந்தை இறுக்கிப் பிடித்தால் இந்த வரிசை கெடும். பந்து எப்போதும் தாமதமாக வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் கீழே பிடித்துத் தொடங்கிப் பாருங்கள். பந்து காலை முந்திக்கொண்டு வருகிறவர்கள் சற்று உயர்த்திப் பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பந்தைப் பார்த்து நகராதீர்கள். நன்றாக விட்ட பந்து தவறினால் லைனை மாற்றுங்கள். சரியாக விடாத பந்து தவறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

எண்ணெய்க்கோடு

நாலடி சொன்ன அக்கா கதை தாமதமாக வரும் கையைப் பற்றியது. பாக்கெட்17 விஷயம் அது இல்லையே. அவர் பந்து குறி வைத்த போர்டைத் தொட்டிருக்கிறது. டைமிங் அவ்வளவு கெட்டிருந்தால் போர்டே தவறியிருக்கும்.

பாக்கெட்17

தொட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் அதே புது லைனில்தான் ஸ்ட்ரைக் விழுந்தது. எண்ணெய் அதிகம் என்பதுதான் காரணம் என்றால் அந்த இரண்டிலும் 10 நின்றிருக்க வேண்டும். கால் வேகமானால் பந்தும் வேகமாகப் போகும், வேகமாகப் போனால் கூடுதலாகச் சறுக்கும், கோணம் குறையும். நீங்கள் சொன்ன கோணத்தையும் பெரியவர் சொன்ன காலையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரே விஷயமாகத்தான் படுகிறது.

இடக்கை_வீச்சு, பந்தை அன்றைக்குப் பார்க்கவில்லை. இனிமேல் துடைப்பதற்கு முன் பார்ப்பேன்.

நாலடி, எனக்கு ஐந்தடி நடை. பந்தை இரண்டாவது அடியோடு தள்ள வேண்டுமா?

நாலடி

ஆமாம். முதல் அடி சின்னதாக, இடது காலில். அப்போது பந்து அசையவே கூடாது. வலது கால் எடுக்கும்போது பந்தும் சேர்ந்து முன்னால் போகட்டும். படம் எடுக்கும்போது வலப்பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில் வைத்து எடுங்கள். பின்னால் இருந்து எடுத்தால் டைமிங் தெரியாது.