லாமிங்டன் மழைக்காடு: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு ஒரு நாள் பிக்னிக், வழி சொல்லுங்கள்

பிரிஸ்பேன் மதுரைக்காரன்:
வணக்கம். அம்மா மதுரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "இங்கே பெரிய மழைக்காடு இருக்காமே, ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை காட்டுடா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வயது 68, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக அரைமணி நேரம் நடப்பார். படிக்கட்டு என்றால் முடியாது. கூட மனைவியும் 5, 9 வயதில் இரண்டு பிள்ளைகளும்.

போன ஜனவரியில் நாங்கள் நால்வர் மட்டும் லாமிங்டன் தேசியப் பூங்காவின் கிரீன் மவுண்டன்ஸ் பக்கம் போனோம். ஒன்றும் சரியாக அமையவில்லை. மேப் முதலில் பின்னா பர்ரா பக்கம் இழுத்துப் போய்விட்டது. திரும்பி வந்து மலை ஏறும்போது மணி பன்னிரண்டு, வண்டி நிறுத்த இடமில்லை. வளைவுகளில் சின்னவளுக்கு இரண்டு முறை வாந்தி. மேலே சிக்னல் கிடையாது. மோரன்ஸ் அருவிக்கு இறங்கும்போது மழை பிடித்தது, பெரியவன் காலில் அட்டை ஏறி ஒரே அழுகை. சாப்பிட உட்கார்ந்தால் சிவப்புத் தலை வான்கோழி ஒன்று சப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

ஆகஸ்டில் அம்மாவோடு போகலாம் என்று இருக்கிறேன். அம்மா நடக்கக்கூடிய பாதை உண்டா? அட்டைக்கு என்ன செய்வது? சாப்பாடு எப்படி?

கனுங்க்ரா அண்ணன்:
தம்பி, முதலில் மேப் விஷயம். லாமிங்டனுக்கு இரண்டு வாசல். கிரீன் மவுண்டன்ஸ் ஒன்று, பின்னா பர்ரா இன்னொன்று. காட்டுக்குள் இரண்டையும் சேர்ப்பது பார்டர் டிராக் என்ற நடைபாதை மட்டும்தான், ஒரு வழிக்கே 21 கிலோமீட்டருக்கு மேல். காரில் போக வேண்டுமென்றால் மலை இறங்கிச் சுற்றித்தான் வரவேண்டும். அதனால் "லாமிங்டன் நேஷனல் பார்க்" என்று போடாதீர்கள். "கிரீன் மவுண்டன்ஸ்" என்று போட்டு, வீட்டிலேயே மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். மலை ஏறுவதற்கு முன் வரும் ஊரான கனுங்க்ராவில் பெட்ரோல் போட்டு, கழிப்பறைக்குப் போய், பத்து நிமிடம் பிள்ளைகளை ஓட விடுங்கள். அதற்கப்புறம் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல மலைப்பாதை. சில இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் வழி, மாடும் குறுக்கே நிற்கும். சின்னவளுக்கு இட்லி மாதிரி லேசாகக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஏறும்போது போன், டேப்லெட் வேண்டாம், ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் நல்ல முடிவு. நீங்கள் போன ஜனவரி மாதிரி இங்கத்திய கோடை மழையில்தான் அட்டை கொழிக்கும், ஆகஸ்டில் காடு காய்ந்திருக்கும். ஆனால் அங்கே ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், காலையில் நன்றாகவே குளிரும். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு மஃப்ளரும் கட்டாயம். கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காவின் எச்சரிக்கைப் பக்கத்தைப் பாருங்கள். 2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் வந்த சமயம் எல்லாமே மூடிக் கிடந்தது. மரம் விழுந்து ஒரு பாதை மட்டும் மூடியிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

செவிலி அக்கா:
அட்டை பயமுறுத்தும், ஆபத்து இல்லை. நீள சாக்ஸை பேன்ட்டுக்கு மேலே இழுத்து விட்டு, விரட்டி மருந்தை ஷூவிலும் அடியுங்கள். ஒட்டிக்கொண்டால் நகத்தை அதன் வாய்ப் பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். அப்புறமும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால்தான். அம்மா ரத்தம் இளக மாத்திரை எடுக்கிறார் என்றால் அவரை ஈரப் புல் பக்கம் விடாதீர்கள்.

நான் கவலைப்படுவது உண்ணியைப் பற்றி. வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குளில் பாருங்கள். இருந்தால் நசுக்கவோ, விரலால் பிடுங்கவோ கூடாது. மருந்துக்கடையில் உண்ணியை உறைய வைத்துக் கொல்லும் ஸ்ப்ரே கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் உடனே 000 அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. இதய வடிவப் பெரிய இலை, மேலே மெல்லிய ரோமம், பூச்சி அரித்த ஓட்டைகள்: அதுதான் கொட்டும் மரம். நம்ம ஊர் செந்தட்டியைவிடப் பல மடங்கு கடுமை, காய்ந்த இலைகூடக் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல், முடி நீக்கும் மெழுகுப் பட்டை ஒட்டி இழுத்து ரோமத்தை எடுக்க வேண்டும். பக்கத்திலேயே சேம்பு மாதிரி ஒரு செடி நிற்கும். அதன் சாற்றைத் தடவச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். அதுவே விஷம். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சேம்பு என்று நினைத்துப் பறித்துவிடப் போகிறார்.

பிரிஸ்பேன் மதுரைக்காரன்:
அக்கா, மிக்க நன்றி. அம்மா நேற்றுத்தான் பக்கத்துப் பூங்காவில் அந்தச் செடியைப் பார்த்துவிட்டு "இது மசியலுக்கு ஆகுமா" என்று கேட்டார்! நல்ல வேளை சொன்னீர்கள். நடைபாதைக்கும் சாப்பாட்டுக்கும் யாராவது சொல்லுங்களேன்.

பறவை பார்ப்பவள்:
அருவியை இந்த முறை விட்டுவிடுங்கள். இறங்கின அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அம்மாவுக்கு சென்டினரி டிராக் போதும், போய்வர 2 கிலோமீட்டருக்கும் குறைவு, சக்கர நாற்காலியே போகும். முழுக்க நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, பத்து நிமிடத்திலேயே பெரிய மரங்களுக்கு நடுவில் நிற்பீர்கள். தொங்குபாலங்கள் உள்ள மரஉச்சி நடைபாதை திறந்திருந்தால் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள், ஏறக்குறைய 16 மீட்டர் உயரத்தில் ஆடிக்கொண்டே போகும்.

சாப்பாடு: புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு பொரியல். எல்லாம் மூடி போட்ட டப்பாவில். தீ மூட்ட அனுமதி இல்லை. தட்டில் போட்டதும் டப்பாவை மூடிவிடுங்கள், அந்த வான்கோழி மூடியிருப்பதைத் தொடாது. தயவுசெய்து எதையும் ஊட்ட வேண்டாம், சட்டப்படியும் குற்றம், பறவைக்கும் கெடுதல். பால் கேன் மூடியின் நீல வளையத்தைக் கீழே போட்டுவிடாதீர்கள். சாட்டின் பவர்பேர்டு என்ற பறவையின் ஆண் தன் பந்தலை அலங்கரிக்க நீலப் பொருளாகப் பொறுக்கும், அந்த வளையம் கழுத்தில் மாட்டிச் செத்துப்போகும்.

அம்மாவுக்கு முதுகு சாயும் மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். பிக்னிக் பெஞ்சில் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவது அவருக்குக் கஷ்டம்.

பிரிஸ்பேன் மதுரைக்காரன்:
போய் வந்தோம். எல்லோருக்கும் நன்றி.

ஒன்பதரைக்கு மேலே இருந்தோம், நிழலில் இடம் கிடைத்தது. சின்னவள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. அட்டை ஒன்றே ஒன்று, என் ஷூவில். வீட்டுக்கு வந்து எல்லோர் தலையையும் பார்த்தோம், உண்ணி இல்லை.

சென்டினரி டிராக்கில் அம்மா பாதி தூரம்தான் போனார். ஒரு பெரிய மரத்தின் பலகை வேருக்கு முன்னால் நின்று, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் நாற்காலியைப் போடச் சொன்னார். அங்கிருந்து எட்டடி தூரத்தில் வான்கோழி காலால் இலைச்சருகை வாரி வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் குவியல் மக்கும்போது வரும் சூட்டில்தான் அதன் முட்டை பொரியுமாம், பெரியவன் அறிவிப்புப் பலகையில் படித்துச் சொன்னான். "அடைகாக்காமலேயா?" என்று அம்மா மூன்று தடவை கேட்டார்.

நாலு மணிக்கு, காட்டோரப் புல்லில் முயலைவிடக் கொஞ்சம் பெரிய கங்காரு மாதிரிக் குட்டி உருவங்கள் வந்து மேய்ந்தன. பேடமெலன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கிளம்பலாம் என்றதற்கு அம்மா எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று கெஞ்சித்தான் கூட்டி வந்தேன்.

அவர் ஊருக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பின்னா பர்ரா பக்கம் கூட்டிப் போகிறேன். சவுத் மெக்லீன் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பியூடெசர்ட் வழியாகப் போக எண்ணம். பின்னா பர்ராவில் நாற்காலி போட நல்ல இடம் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.