'இன்சைட்' – நோயுணர்வா, நோய்த்தெளிவா?

நண்பர்களே, மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தாருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். 'இன்சைட்' (insight) என்ற மனநலச் சொல்லில் முட்டி நிற்கிறேன். தனக்கு வந்திருப்பது நோய் என்று அறிவது, காதில் கேட்கும் குரல் அந்த நோயால் வருவது என்று பிரித்துப் பார்ப்பது, சிகிச்சைக்கு இசைவது, மூன்றும் சேர்ந்தது அது என்று 1990இல் மனநல மருத்துவர் ஆந்தனி டேவிட் வகுத்தார். சிலர் எழுதும் 'உள்ளொளி' வள்ளலாருக்கே இருக்கட்டும். 'நோயுணர்வு' சரியா?

*

> 'நோயுணர்வு' சரியா?

இல்லை. நோயை உணர்தல் என்று இரண்டாம் வேற்றுமைத்தொகையாக விரிக்கிறீர்கள். நோயின் உணர்வு என்று ஆறாவதாக விரித்தால் வலியும் அசதியும்கூட நோயுணர்வுதான். நோய்க்கு வேரே நோதல். அகத்திணைத் தலைவி படுவதும் நோய்தான், அவளுக்கு எந்த மாத்திரை கொடுப்பீர்கள்? 'நோய்த்தெளிவு' என்க. தெள் > தெளி > தெளிவு. முறத்தில் தெள்ளிக் கல்லைப் பிரிப்பதும் இதே வேர்தான், உங்கள் இரண்டாம் கூறு அப்படியே அதில் இருக்கிறது.

*

ஐயா, எங்கள் பக்கம் காய்ச்சல் தெளிந்தது என்றால் விட்டுவிட்டது என்று அர்த்தம். 'நோய்த்தெளிவு இல்லை' என்று எழுதினால் இன்னும் குணமாகவில்லை என்றுதான் படிப்பார்கள். நான் மனநலச் செவிலியர், வார்டில் எங்களுக்குள் 'இன்சைட் இல்ல', வீட்டாரிடம் 'தனக்கு நோய்னு அவருக்குத் தெரியல', அவ்வளவுதான். 'நோயேற்பு' போட்டால் என்ன?

*

ஏற்பு வேண்டாம் அம்மா. ஏற்பு வந்தால் மறுப்பும் வரும், அப்புறம் பிடிவாதம் என்று வீட்டில் திட்டுவார்கள். நான் மொழிபெயர்க்கும் கையேட்டின் அடுத்த பத்தியே அதைத் தடுக்கத்தான். சொல்லாத ஒரு விதியைத் தாமே கண்டுபிடித்துச் சீட்டுகளை வகைபிரிக்கும் விஸ்கான்சின் சீட்டுச் சோதனையில், விதி மாறிய பிறகும் பழைய விதிப்படியே சீட்டை வைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இன்சைட்டும் குறைவாக இருக்கும் போக்கு உண்டு. தொடர்பு சிறியதுதான், ஆனால் அறிதிறனுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று சொல்ல அது போதும். பக்கவாதத்தில் இடது கை அசையவில்லை என்பதையே அறியாதவர்களைப் பற்றி 1914இல் நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி எழுதினாரே, அவர்கள் வீம்புக்கா அப்படிச் சொன்னார்கள்? அதனால் 'உணர்' வேண்டும்.

*

முதலில் 'மனச்சிதைவு' என்ற பெயரையே மாற்றுங்கள். ஜப்பானில் 2002இல் மனம் பிளந்த நோய் என்ற பெயரை விட்டு ஒருங்கிணைவு குலைந்த நோய் என்ற பொருளில் மாற்றிவிட்டார்கள்.

*

அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. முதல் இடத்தில் 'தனக்கு நோய் இருப்பதை உணர்தல்' என்று முழுதாக எழுதி, அதன்பின் 'நோயுணர்வு' என்றே போகிறேன். மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள்.

*

நான் சரி என்று சொல்லவில்லை. அச்சிடுங்கள், ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.