அயனித் திரவங்களைக் கணினியில் ஆராய்ந்தபோது நீங்கள் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

ஆய்வு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். அறை வெப்பநிலையிலேயே உருகி நிற்கும் உப்புகளான அயனித் திரவங்களை மூலக்கூறு இயக்கவியல் பாவனையாக்கத்தின் (அணுக்களின் நகர்வைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும் முறை) வழியே ஆராய்பவர்கள் இங்கு பலர் இருப்பதால், என் முனைவர் பட்ட ஆய்வில் கண்டதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். நான் எடுத்துக்கொண்டது பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் ஹெக்சாபுளோரோபாஸ்பேட். அதில் கார்பன் டைஆக்சைடு எவ்வாறு கரைகிறது என்பதே கேள்வி.

சில நூறு அயனி இணைகளை ஒரு கனசதுரப் பெட்டியில் இட்டு, கனோங்கியா லோப்பஸ், படுவா என்ற வேதியியலாளர்கள் 2004ஆம் ஆண்டு முதல் உருவாக்கி வரும் விசைப்புலத்தை, அதாவது அணுக்களுக்கிடையேயான விசைகளைத் தரும் சமன்பாடுகளின் தொகுப்பை, கொண்டு ஓட்டினேன். அடர்த்தி சோதனை மதிப்பை ஒட்டி வந்தது. ஒரு நேர்மின் அயனியைச் சுற்றி எதிர்மின் அயனிகள் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதும் பொருந்தியது. பிறகு ஒரேயோர் அயனிக்கு மட்டும் தனி வண்ணம் கொடுத்துத் திரையில் பின்தொடர்ந்தேன். 25 டிகிரி செல்சியஸில் அது அண்டை அயனிகள் அமைத்த கூண்டுக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. நானோ விநாடிகள் பல கடந்தும் வெளியேறவில்லை. சராசரி இருபடி இடப்பெயர்ச்சியை (அயனிகள் நகர்ந்த தொலைவின் இருபடிச் சராசரி) காலத்திற்கு எதிராக மடக்கை அளவில் வரைந்தால், தொடக்க ஏற்றத்திற்குப் பின் நீண்டதொரு மேடை தெரிகிறது. அந்த மேடை முடிந்து, சாய்வு 1 என்ற மதிப்பை எட்டிய பிறகு கணக்கிட்டால்தான் விரவல் கெழுவுக்கு, அதாவது அயனிகள் பரவும் வேகத்தின் அளவுக்கு, பொருள் உண்டு. அதற்கு முன்னரே எடுத்த எண்ணை நான் ஒருபோதும் நம்ப மாட்டேன்.

உண்மையான திரவமும் மந்தமானதுதான். நீரின் பாகுநிலை 25 டிகிரியில் ஏறத்தாழ 0.9 மில்லி பாஸ்கல் விநாடி என்றால், இதற்கு 270 அளவில் இருக்கிறது. ஆயினும் என் கணினித் திரவம் அதனினும் மந்தமாக இருந்தது. காரணம் மின்னூட்டத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அயனிக்கும் முழுமையாக +1 அல்லது -1 என மாறாத மின்னூட்டம் கொடுக்கிறோம். மெய்யான திரவத்தில் எலக்ட்ரான் முகில்கள் அண்டை அயனிகளுக்கேற்ப வளைந்துகொடுத்து, அந்த ஈர்ப்பின் ஒரு பகுதியை மறைத்துவிடுகின்றன. ஒளிவிலகல் எண் 1.4 என்பதை எடுத்து அதன் தலைகீழைக் கண்டால் 0.7 வருகிறது. மின்னூட்டங்களை 0.7 முதல் 0.8 மடங்காகக் குறைக்கும் வழக்கத்திற்குப் பின்னால் உள்ள இயற்பியல் இதுவே. குறைத்ததும் அயனிகள் விரைவாக நகர்ந்தன. ஆனால் அடர்த்தியும் சற்றே இறங்கியது. ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் இந்த வழியைவிட, துரூட் துகள்களை (எலக்ட்ரான் முகிலின் வளைவைக் காட்ட அணுவோடு வில் போல இணைக்கும் மின்னூட்டத் துகள்கள்) இணைத்து முனைவுறுதலை வெளிப்படையாகவே கணக்கிடும் மாதிரி, பன்மடங்கு கணினி நேரம் கேட்டாலும், மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இனி கார்பன் டைஆக்சைடு. 80 பார் அழுத்தத்திற்கருகே மோல் பின்னம் (மொத்த மோல்களில் வாயுவின் பங்கு) 0.6 வரை கரைந்தும் திரவத்தின் கன அளவு சிறிதே கூடுகிறது என்பதை 1999ஆம் ஆண்டின் சோதனைகளே காட்டிவிட்டன. இமிடசோலியம் வளையத்தின் இரண்டாம் கார்பனில் உள்ள அமிலத்தன்மை மிக்க ஹைட்ரஜன்தான் வாயுவைப் பிடித்து வைக்கிறது என்று எண்ணத் தோன்றும். அதை மெத்தில் தொகுதியால் மாற்றிப் பார்த்தும் கரைதிறன் பெரிதாக மாறவில்லை என்பதை 2004இல் அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகக் குழு, சோதனையும் பாவனையாக்கமும் சேர்த்து, நிறுவியது. என் பெட்டியிலும் அதையே கண்டேன்: நேர்கோட்டு மூலக்கூறு எதிர்மின் அயனியின் மேற்பரப்பைத் தொட்டவாறு பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது, அதன் கார்பன் அணு புளோரின் அணுக்களை நோக்கி இருக்கிறது. எதிர்மின் அயனிகள் சிறிது கோணம் திரும்பினாலே அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. கன அளவு ஏன் அதிகம் கூடவில்லை என்பதை அந்தக் காட்சியிலேயே கண்டுகொள்ளலாம்.

குவாண்டம் வேதியியல் ஆய்வாளர்

நண்பர் கரைபொருளின் அண்டையை அணு அணுவாகப் பார்த்திருக்கிறார். நான் எதிர்த் திசையிலிருந்து வந்தவள். 1920இல் மாக்ஸ் பார்ன் காட்டிய வழியில், கரைப்பானை மின்காப்பு மாறிலி (மின் ஈர்ப்பை ஊடகம் எத்தனை மடங்கு தணிக்கிறது என்பது) என்ற ஒற்றை எண்ணால் விவரிக்கப்படும் தொடர் ஊடகமாகக் கொண்டு கரைதல் ஆற்றலைக் கணக்கிடுவதே என் பணி. அயனித் திரவங்களுக்கு நுண்ணலை நிறமாலையியல் தரும் மாறிலி பெரும்பாலும் 10 முதல் 15 வரைதான், மெத்தனாலுக்கு 33. அந்த எண்ணை மட்டும் நம்பினால் இவை ஓரளவே முனைவுள்ள கரைப்பான்கள் என்று முடிவு கட்ட நேரும். ஆனால் பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் குளோரைடு செல்லுலோசையே கரைக்கிறது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே வேலை செய்வது ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் குளோரைடு. அதை மின்காப்பு மாறிலி எவ்வாறு அறியும்?

அதைவிட முக்கியமானது, இத்திரவம் நானோ அளவில் சீரானதே அல்ல. மின்னூட்டமுள்ள பகுதிகள் ஒரு வலையாகப் பின்னிக்கொள்ள, ஆல்க்கைல் வால்கள் (முனைவற்ற கார்பன் சங்கிலிகள்) தனியே கூடுகின்றன. கனோங்கியா லோப்பஸும் படுவாவும் 2006இல் முனைவுப் பகுதியைச் சிவப்பிலும் வால்களைப் பச்சையிலும் வரைந்த படங்களை முதன்முறை பார்த்தபோது, என் கணக்குகள் எதைத் தவறவிடுகின்றன என்பது தெளிவாயிற்று. ஹெக்சேன் பச்சைக்குள் ஒதுங்குகிறது. மெத்தனால் சிவப்பில் எதிர்மின் அயனியுடன் பிணைகிறது. அசிட்டோநைட்ரைல் இரண்டோடும் உறவாடுகிறது. ஆயினும் நூற்றுக்கணக்கான அயனிச் சேர்க்கைகளிலிருந்து சிலவற்றைச் சலித்தெடுக்க வேண்டுமானால், ஆண்ட்ரியாஸ் கிளாம்ட் 1995இல் முன்வைத்த காஸ்மோ ஆர்எஸ் முறையையே இன்றும் நாடுகிறேன். அது மூலக்கூறின் மேற்பரப்பு மின்னூட்டப் பரவலைக் கொண்டு கணக்கிடுவதால் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் இடம் தருகிறது. தேர்வானவற்றை மூலக்கூறு இயக்கவியலுக்கு அனுப்பலாம்.

ஆய்வகத்தில் பணிபுரிபவர்

இருவருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒப்பிடும் சோதனை மதிப்பு எவ்வளவு நீர் கலந்த திரவத்தில் அளக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். நான் கையாளும் திரவம் புட்டியைச் சாய்த்தால் விளக்கெண்ணெய் போல இறங்கும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெகுவாக இளகிவிடும். தயாரிப்பில் எஞ்சும் குளோரைடோ பாகுநிலையை உயர்த்தும். எனவே வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தி, கார்ல் பிஷர் முறையில் நீரளவைக் கண்ட பின்னரே பாகுநிலையை அளக்கிறோம். பழைய கட்டுரைகள் சிலவற்றில் அந்த நீரளவே குறிப்பிடப்படவில்லை. அத்தகைய எண்ணுக்கு இணங்குமாறு மின்னூட்டத்தைக் குறைப்பது, நீர் செய்த வேலையை மின்னூட்டத்தின் கணக்கில் எழுதுவதாகும்.

முடிந்தால் பெட்டியில் சிறிதளவு நீரையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். குறைந்த செறிவில் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடாமல், ஒவ்வொன்றும் இரண்டு எதிர்மின் அயனிகளுக்கிடையே பாலமாக நிற்பதை அகச்சிவப்பு நிறமாலை காட்டுகிறது. உங்கள் மாதிரியிலும் அவ்வாறே நின்றால், அதன் மின்னூட்டங்களை நான் இன்னும் அதிகமாக நம்புவேன்.