நரி எங்கேடா போச்சு?

குழு: நம்ம வீடு

சித்தப்பா: டேய் சின்னவனே, உன் டிபியில் இருந்த நரி எங்கேடா போச்சு? பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதே படம்தானே?

தம்பி: எடுத்துவிட்டேன் சித்தப்பா. நரியைச் சின்னமாக வைத்திருக்கிற அந்தக் கால்பந்து அணி லெஸ்டருக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை.

அக்கா: ஐயோ, என்ன ஆச்சு?

தம்பி: 2023இல் இங்கிலாந்தின் முதல் நிலையான பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கினார்கள், பொறுத்துக்கொண்டேன். 2024இல் ஏறினார்கள், குதித்தேன். 2025இல் மறுபடியும் இறக்கம். அந்த சீசனில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. ஒன்பது! அத்தனையும் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

சித்தப்பா: அதில் ஒன்று எங்கள் லிவர்பூலோடு. அலெக்சாண்டர்-அர்னால்ட் அடித்த கோலோடு உங்கள் கணக்கு முடிந்தது 😁

அக்கா: வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதீர்கள் சித்தப்பா.

சித்தப்பா: உள்ளதைத்தானே சொல்கிறேன்? 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் எழுதிவைத்திருந்த அணி 2016இல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கியதும் ஊரெல்லாம் லெஸ்டர் ரசிகர்கள். இவனும் அந்தக் கூட்டத்தில் ஏறியவன்தான். ஜெயிக்கும்போது ஏறுகிறவன் தோற்கும்போது இறங்கத்தான் செய்வான். நாங்கள் 1990க்கு அப்புறம் லீக் பட்டத்தைப் பார்த்தது 2020இல். 30 வருஷம்!

மச்சான்: நான் மெஸ்ஸி போகிற இடமெல்லாம் போகிறேன். பார்சிலோனா, பாரிஸ், இப்போது மயாமி. நான் எந்தக் கணக்கு மாமா?

சித்தப்பா: நீ வாடகைக்குக் குடியிருக்கிறவன். உன்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

மச்சான்: 😶

சித்தப்பா: இஸ்தான்புல் 2005, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? இடைவேளையில் மிலான் 3, நாங்கள் 0. அப்புறம் எங்கள் ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ ஆளுக்கொரு கோல். ஆறே நிமிஷத்தில் 3-3. பெனால்டியில் கோப்பை. அந்த மூன்று கோலையும் பார்க்கிற கொடுப்பினை நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் கிடைத்தது.

சித்தி: யார் உட்கார்ந்திருந்தது?

சித்தப்பா: நீ இன்னும் தூங்கவில்லையா?

சித்தி: மிலானின் மூன்றாவது கோல் விழுந்ததும் ரிமோட்டை சோபாவில் எறிந்துவிட்டு, "இனி இவர்கள் ஆட்டத்தைப் பார்த்தால் என்னை என்னவென்று கேள்" என்று போர்த்திக்கொண்டு படுத்தவர் யார்? விடிந்ததும் செய்தியில் கோப்பையைப் பார்த்துவிட்டு, ஏன் எழுப்பவில்லை என்று என்னோடு சண்டை வேறு.

தம்பி: 😂😂😂😂😂

அம்மா: இத்தனை வருஷமாக எங்களிடம் அளந்ததெல்லாம் மறுஒளிபரப்பா?

சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மச்சான்: மாமா, என்ன எழுதி அழித்தீர்கள்?

அக்கா: விடு, பாவம். யார் முதலில் ஏறினார்கள், எத்தனை வருஷம் என்று பார்த்தால் நம் வீட்டில் ஒருவரும் தேறமாட்டோம். பெர்லினில் யூனியன் என்று ஓர் அணி இருக்கிறது. 2008இல் மைதானத்தைத் திருத்திக் கட்ட வேண்டிய நிலை, கையில் காசில்லை. ரசிகர்களே வேலையில் இறங்கிக் கட்டினார்கள். சம்பளம் கிடையாது. 2000 பேருக்கு மேல் வந்தார்கள்.

தம்பி: இது தெரியும். 2019இல் முதல் தடவை ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான பண்டெஸ்லிகாவுக்கு ஏறினார்களே.

அக்கா: அந்த முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் கையில் என்ன இருந்தது, அது தெரியுமா?

தம்பி: கொடி?

அக்கா: செத்துப்போனவர்களின் படம். அப்பா, தாத்தா, பக்கத்தில் நின்று பார்த்த கூட்டாளி. இந்த நாளைப் பார்க்காமலே போய்விட்டவர்கள். முகத்தைப் பெரிதாக அச்சடித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா: படிக்கும்போதே என்னமோ செய்கிறது. ஜெயித்தார்களா?

அக்கா: எங்கே? லைப்சிக்கிடம் 0-4.

அம்மா: அடப்பாவமே.

சித்தப்பா: சரி, நானும் ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணி 2017, 2018 என்று அடுத்தடுத்து இரண்டு படி சறுக்கி மூன்றாம் நிலைக்கு வந்தது. அந்த டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டோடு ஆட்டம். வந்த கூட்டம் 46,039. மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு!

சித்தி: அத்தனை பேரில் இடைவேளையில் தூங்கப்போனவர் எத்தனை பேர்?

மச்சான்: 🤣

தம்பி: அவர்களாவது மைதானத்துக்குப் போனார்கள். என்னைப் போலத் திரையில் பார்க்கிறவன் போனாலும் இருந்தாலும் அந்த அணிக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ஒன்பது ஆட்டம் முழுதாகப் பார்த்தேன் என்று யாருக்குத் தெரியும்?

அம்மா: எனக்குத் தெரியும். சரி, லெஸ்டர் வேண்டாம் என்றுதானே நரியை எடுத்தாய்? அப்புறம் நேற்று நடுராத்திரி உன் அறையில் "அது ஆஃப்சைடுடா, கொடியைத் தூக்குடா" என்று கத்தியது யார்?

தம்பி: அது சும்மா...

அக்கா: 👀

சித்தப்பா: ஸ்கோர் என்னடா?

தம்பி: கேட்காதீர்கள்.

சித்தப்பா: சரி, அடுத்த ஆட்டம் எப்போது?

தம்பி: சனிக்கிழமை.

சித்தப்பா: நானும் வருகிறேன். சேர்ந்து பார்க்கலாம்.

சித்தி: முதல் பாதி முடிந்ததும் எனக்கு போன் பண்ணு தம்பி. போர்வை கொடுத்தனுப்புகிறேன்.